அம்மா நேர்ந்துகொண்டாள், ஏடகநாதர் நடத்திவைத்தார்

மேலூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில் ஒத்தக்கடை நெருங்கும்போது யானைமலை கண்ணில் படும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்தால் "மானின்நேர்விழி மாதராய்" பதிகத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொள்வது என் வழக்கம். ஆனைமாமலை என்று அந்தப் பதிகத்திலேயே வருகிறதே! இந்தப் பால்மணம் மாறாத பிள்ளை வாதுக்கு வரும் சமணர் அத்தனை பேரை எப்படி எதிர்கொள்ளும் என்று கலங்கிய பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாருக்கு, மதுரை ஆலவாய் அரன் நிற்கும்போது நான் எளியவன் அல்லன் என்று திருஞானசம்பந்தப்பெருமான் சொன்ன தைரியம் அது. இந்த முறை அதை வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து இருக்கையில் என் கணவர் இருந்தார்.

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் கடவுள் என்ற பேச்சே கிடையாது. வரதட்சணையாக ஒரு குண்டுமணித் தங்கம் கேட்காத வீடு. என்னை மேலே படிக்கவைத்த வீடு. அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் பூஜை அறை இல்லை, விளக்கு இல்லை, நெற்றியில் நீறு கூடாது. மாமாவின் கொள்கை அது; ஊரே அறிந்த பேச்சாளர். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. நான் வாய் திறந்தால் ஐந்து பேர் ஐந்து பக்கமும் கேள்வி கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் புத்தகம் இருந்தது. என்னிடம் அம்மா சொல்லிக்கொடுத்த தேவாரம் மட்டும் இருந்தது.

பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் திருநீறு வைத்திருந்தேன். குளித்ததும் ஒரு விரலால் தொட்டு, கழுத்துக்குக் கீழே ரவிக்கை மறைக்கும் இடத்தில் பூசிக்கொள்வேன். சமணம் சார்ந்திருந்த பாண்டியனின் அரண்மனையில் மங்கையர்க்கரசியாரும் அப்படித்தான் மறைத்துப் பூசினார் என்று அம்மா சொல்வாள். சோழ ராஜகுமாரிக்கே அந்த நிலை என்றால் நான் எம்மாத்திரம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன். சோழவந்தானில் இருந்துகொண்டு அம்மாவும் சும்மா இருக்கவில்லை. "என் மகள் யாருக்கும் ஒளிக்காமல் நெற்றியில் நீறு பூசும் நாள் வரட்டும், உனக்கு அபிஷேகம், அம்பாளுக்குப் பட்டு" என்று திருவேடகத்தில் ஏடகநாதரிடம் வேண்டிக்கொண்டாள்.

சம்பந்தர் வரலாற்றில் என்னைக் கட்டிப்போட்ட இடம் ஒன்று உண்டு. மதுரையில் அவர் தங்கிய மடத்துக்குச் சமணர்கள் தீ வைத்தார்கள். அவர் அதற்கும் ஒரு பதிகம்தான் பாடினார். அந்தத் தீ பாண்டியனிடம் போகட்டும் என்றவர், மெல்லப் போகட்டும் என்று பாடினார். அரசியின் மாங்கல்யம் நிலைக்க வேண்டும், பாண்டியனும் நல்வழிக்குத் திரும்ப வேண்டும் என்ற கருணை அது. வெப்பு நோயில் துடித்த அதே பாண்டியனுக்கு அவர்தான் "மந்திரமாவது நீறு" என்று பாடித் திருநீறு பூசினார். எதிர்த்து நிற்பவனுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளும் பிரார்த்தனை இது. வாதில் தோற்ற சமணர்கள் கழுவேறியதாகச் சொல்லும் கழுமரக் கதையை யாராவது பெருமையாகச் சொல்லத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன். என் மனம் அதில் ஒட்டுவதே இல்லை.

போன ஆண்டு மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இரவில் துணைக்கு நான் இருந்தேன். தூக்கம் வராமல் அவர் புரள, நான் நாற்காலியில் உட்கார்ந்து திருநீற்றுப் பதிகத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்னம்மா முணுமுணுக்கிறாய்?" என்றார். பயந்து நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதே. சத்தமாகச் சொல்" என்றார். என் குரல் நடுங்கியது. பதினொரு பாட்டையும் சொல்லி முடித்தேன். கண்ணை மூடியபடி, "எனக்கு உன் சாமி வேண்டாம். இந்தத் தமிழ் வேண்டும். நாளைக்கும் சொல்" என்றார்.

சொக்கநாதா, உன் விளையாட்டை நான் என்னவென்று சொல்வேன்! எத்தனையோ வாதத்துக்கு அசையாத மனிதரை நீ உன் பிள்ளையின் தமிழை அனுப்பித் தொட்டாய். வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அவரே, "உன் அம்மா ஏதோ நேர்ந்திருக்கிறாளாமே. பெரியவள் மனம் நோகக் கூடாது, போய் முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். அவர் கொள்கை மாறவில்லை, இன்றும் அதே பேச்சாளர்தான். என் நெற்றியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்.

முதலில் ஆலவாய், மதுரை மீனாட்சி கோயில். செல்போனைக் கொடுக்க ஒரு வரிசை, செருப்புக்கு ஒரு வரிசை, தரிசனத்துக்கு ஒரு வரிசை. கோபுர வாசலிலேயே ஒருவர் வழிமறித்து, பணம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தரிசனம் என்று கூடவே நடந்து வந்தார். எத்தனை முறை வேண்டாம் என்றாலும் விடவில்லை. அன்னை மீனாட்சியின் வாசலில் இப்படி வியாபாரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அம்மன் முன்னால் ஒரு நொடிதான் நிற்கவிட்டார்கள். மரகத மேனியைப் பார்ப்பதற்குள் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. சுவாமி பிரகாரத்தில் அறுபத்துமூவர் வரிசைக்கு வந்தபோதுதான் மூச்சு விட முடிந்தது. அங்கே மங்கையர்க்கரசியார் முன் நின்றேன். அரசி, அவருடைய கணவர் நெடுமாறன், அமைச்சர் குலச்சிறையார் மூவருமே நாயன்மார்கள். ஊரே ஒரு பக்கம் நின்றபோது அந்த அரண்மனையில் துணையென்று இருந்தவர்கள் அரசியும் அமைச்சரும்தான். நம்பியது சிவனை, அழைத்தது ஒரு பிள்ளையை. "தாயே, உங்கள் வழியில் நானும் பிழைத்துக்கொண்டேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கணவர் பேசாமல் கைக்குட்டையை நீட்டினார்.

நடை சாத்துவதற்குள் திருவேடகம் போக வேண்டும் என்ற பதைப்பு. சோழவந்தான் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பட்டுப்புடவைப் பையையும் பால் பாத்திரத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியருகே நின்றே வந்தேன். சுமார் 20 கிலோமீட்டர். சமணர்களோடு நடந்த வாதில் சம்பந்தர் மதுரையில் வைகை ஆற்றில் விட்ட ஏடு இவ்வளவு தூரமும் வெள்ளத்தை எதிர்த்து வந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. "வாழ்க அந்தணர்" என்று எழுதிய ஓலை அது. "வேந்தனும் ஓங்குக" என்று எதிர்ப்பக்கத்து அரசனையும் வாழ்த்திக்கொண்டே எதிரேறிய ஓலை! குதிரையில் பின்தொடர்ந்த குலச்சிறையார் ஏடு நின்ற இடமான திருவேடகம் வரை வந்தார் என்பார்கள்.

கோயிலில் கூட்டமே இல்லை. குருக்கள் எங்களுக்காகக் காத்திருந்தார். பால், சந்தனம் எல்லாம் ஆனதும் திருநீற்று அபிஷேகம். கை நிறைய அள்ளிச் சொரிந்தார். கருங்கல் திருமேனி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, தீப ஒளியில் தூள் மிதந்து, வாசலில் நின்ற என் முகத்திலும் வந்து படிந்தது. நான் துடைக்கவில்லை. எத்தனை காலம் ஒரு விரல்நுனியளவு எடுத்து ஒளித்துப் பூசியவள் நான்! இன்று அவரே தன் மேனியில் ஆடியதை என் முகமெங்கும் பூசிவிட்டார். பாட வேண்டும் என்று எண்ணியிருந்த "வன்னியும் மத்தமும்" முதல் வரியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொண்டது. குருக்கள்தான் மீதியைப் பாடினார்.

பிரசாதம் கொடுக்கும்போது என் கணவரிடமும் தட்டை நீட்டினார். அவர் எடுத்தார், பூசவில்லை, காகிதத்தில் மடித்து என்னிடம் தந்தார். எனக்கு அதுவே போதும். ஏலவார்குழலி அம்மைக்கு அம்மா எடுத்துவைத்த அரக்குப் பட்டைச் சாத்தினார்கள். அவ்வளவு பொருத்தம்.

அங்கிருந்து நேரே சோழவந்தான் போய் அம்மாவிடம் பிரசாதத்தைக் கொடுத்தோம். முழங்கால் வலியால் அவளால் வர முடியவில்லை. ஆவணிப் பௌர்ணமிக்கு ஏடு எதிரேறும் விழா வருகிறது. எப்படியாவது ஒரு கார் பிடித்து அவளைச் சந்நிதி வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாமாவின் மருந்து வேளைகளைப் பார்த்துக்கொள்வதாக அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.