டோரு மலைச்சரிவில் ஒயின் தோட்டம்: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போர்ச்சுகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறவர்களில் பலர் ஒரே நாளில் நான்கு ஒயின் தோட்டம் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. இரவு அந்த இரண்டாவதிலேயே தங்கிவிடுங்கள். எதிர்க்கரையில் கண்ணுக்கு நேரே தெரியும் தோட்டத்துக்குக்கூட, சரிவில் இறங்கி, பாலம் தேடிக் கடந்து, மறுபடி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித்தான் போக வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கின் இனிப்பான, சாராயம் சேர்த்த போர்ட் ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 19 முதல் 22 சதவீதம். அங்கே வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமை எட்டினாலே குற்றம். லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்கு வரம்பு 0.2தான். நாலு கிளாஸுக்குப் பிறகு அந்த வளைவுகளில் ஸ்டியரிங் பிடிக்கும் எண்ணமே கூடாது.

ஆகவே ரயில். போர்ட்டோவின் கம்பான்யா நிலையத்தில் ஏறினால் பின்யாவ் ஊருக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, பிறகு ஆறு கூடவே வரும். பின்யாவ் நிலையச் சுவரில் திராட்சை அறுவடையைக் காட்டும் 1937ஆம் ஆண்டு நீல டைல்ஸ் சித்திரங்கள் இருக்கின்றன; பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். அங்கிருந்து பொம்ஃபிம், ரொயேடா தோட்டங்கள் நடக்கிற தூரம். பாலத்தைத் தாண்டினால் கர்வால்யாஸ்.

தங்குமிடம் மலைமேல் என்றால் ரூம் புக் செய்யும்போதே நிலையத்துக்கு வண்டி அனுப்பச் சொல்லிவிடுங்கள். ஊரில் டாக்ஸி குறைவு. சொந்தமாக கார் எடுத்துப் போகிறவர்கள் மேப்பை மட்டும் நம்பினால், டிராக்டர் போகும் மண்பாதையில் போய் மாட்டிக்கொள்ள நேரும். எந்தப் பக்க கேட் என்று தோட்டத்தாரிடம் கேட்பது நல்லது. பழைய பண்ணை வீடுகளில் லிஃப்ட் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முட்டி வலி உள்ளவர்கள் தரைத்தள அறையாகக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பக்கத்தில் வேறு கடை இருக்காது.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். என் ஓட்டு மே, ஜூனுக்கு. அறுவடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் செப்டம்பர். ஆனால் அப்போது அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், வேலையாட்களுக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

அந்த மாதத்தில் போகிறவர்கள் தவறவிடக் கூடாதது லகார். திராட்சையை மிதிக்கும் அகலமான கருங்கல் தொட்டி. கால்களைக் கழுவிக்கொண்டு, தொடைக்கு மேல் சுருட்டிய அரைக்கால் சட்டையோடு இறங்க வேண்டும் (வெள்ளைத் துணி வேண்டாம், கறை போகாது). முதல் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் கோத்து வரிசையாக, ஒருவர் தாளம் சொல்ல, அடி மேல் அடி வைத்து நகர்வார்கள். அதன் பிறகே பாட்டும் ஆட்டமும். இது வெறும் வேடிக்கை இல்லை. பாதம் பழத்தை நசுக்கும், விதையை உடைக்காது. அதனால் கசப்பு இறங்காது. போர்ட்டுக்கு நொதித்தல் இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் தோலிலிருந்து நிறத்தை முழுக்க எடுத்தாக வேண்டும். பாதிச் சர்க்கரை ஆல்கஹாலாக மாறியதும், சுமார் 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் என்ற அளவில் 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மீதி இனிப்பு அப்படியே நின்றுவிடும். 550 லிட்டர் பீப்பாய்க் கணக்கு இதுதான்.

தோட்டத்துக்குள் நடக்கும்போது காலடியில் ஏடு ஏடாகப் பெயரும் கல்லைக் கவனியுங்கள். அது சிஸ்ட். செங்குத்தாகப் பிளவுபடுவதால் வேர் பல மீட்டர் ஆழம் போய் ஈரம் தேடும். கோடையில் கொடி பிழைப்பது இதனால்தான். சரிவுகளில் புதர் மண்டிய கல்வரப்புகள் தென்படும். 19ஆம் நூற்றாண்டில் ஃபிலோக்செரா பூச்சி கொடிகளை அழித்தபின் கைவிடப்பட்ட அடுக்குகள் அவை.

டேஸ்டிங்கில் ஊற்றியதையெல்லாம் விழுங்க வேண்டியதில்லை. மேசையில் இருக்கும் குடுவை துப்புவதற்குத்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதலில் இனிப்பில்லாத டோரு ஒயின்கள், அப்புறம் போர்ட்டில் ரூபி வகைகள், கடைசியில் டானி வகை. இனிப்பு முதலில் நாக்கில் பட்டால் பின்னால் வரும் உலர் ஒயின் புளித்த தண்ணீராகத் தோன்றும். கிளாஸை வெள்ளைத் தாள்மேல் சாய்த்துப் பாருங்கள். ரூபி விளிம்பு வரை கருஞ்சிவப்பு. மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த டானி செங்கல் நிறம். மிகப் பழையதில் ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டும். லேபிளில் ‘20 வருடம்’ என்றால் ஒவ்வொரு துளியும் 20 வருடம் என்று அர்த்தமில்லை. பல வயது பீப்பாய்களைக் கலந்து எட்டிய சுவைநிலை அது.

வாங்கிவர விரும்பினால் டானி எடுங்கள். வின்டேஜில் (ஒரே வருட அறுவடையில் செய்து பாட்டிலிலேயே முதிரும் போர்ட்) அடியில் மண்டி தங்கும். பயணத்தில் கலங்கினால் மறுபடி நிற்கவைத்துத் தெளிய விட்டு, வடித்துத்தான் பரிமாற வேண்டும். திறந்தால் ஓரிரு நாளில் முடிக்கவும் வேண்டும். டானியோ திறந்தபின்னும் சில வாரம் தாங்கும். பாட்டில்கள் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். இந்தியா திரும்புகிறவருக்கு வரியில்லாமல் தலைக்கு 2 லிட்டர்; 750 மில்லி பாட்டிலென்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.