இலையுதிர்காலத்துக் காதல் கதைகள்

அக்டோபர் பிறந்துவிட்டால், ஆங்கிலத்தில் வரும் இலையுதிர்காலக் காதல் கதைகளை அடுத்தடுத்து வாசிப்பது என் வழக்கம். குறுநாவல்கள் பெரும்பாலும் 20,000 முதல் 40,000 சொற்களுக்குள் அடங்கிவிடுவதால், ஒரு விடுமுறை நாளின் பிற்பகலிலேயே ஒன்றை முடித்துவிடலாம்.

2023இல் வெளிவந்த லாரி கில்மோரின் 'தி பம்ப்கின் ஸ்பைஸ் கஃபே' இலையுதிர்காலக் காதல் கதைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தை தந்த காப்பிக் கடையை நடத்தச் சிற்றூருக்கு வரும் நாயகிக்கும், அதிகம் பேசாத உள்ளூர் விவசாயிக்கும் இடையே அரும்பும் காதல்தான் கதை. முடிவு முன்பே தெரியும். தெரிந்திருப்பதில்தான் சுகமே இருக்கிறது என்பது என் கட்சி.

ஆனாலும், இப்பருவத்தின் துயரத்தைத் தொட்ட கதை எதுவென்று கேட்டால், 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டெனின் 'பர்சுவேஷன்' நாவலையே சொல்வேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் பிறர் பேச்சைக் கேட்டுக் காதலனை மறுத்துவிட்ட, இப்போது 27 வயதாகும் நாயகி ஆன், நவம்பர் மாத நடையொன்றில் இலையுதிர்காலக் கவிதைகளை நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ள முயல்கிறாள். அவனோ வேலிப் புதருக்கு அப்பால் வேறொருத்தியிடம் புயல்களுக்கும் உதிராமல் நின்ற ஹேசல் கொட்டையைக் காட்டி மனவுறுதியைப் புகழ்ந்துகொண்டிருக்கிறான். அதே நடையில், அடுத்த வசந்தத்தை எண்ணி உழவர்கள் ஏர் ஓட்டுவதையும் ஆஸ்டென் காட்டிவிடுகிறார். இன்றைய கதைகள் பலவற்றில் பூசணியும் இலவங்கப்பட்டையும் தாராளமாக இருக்கின்றன. இந்தக் குளிர்தான் குறைவு.