தோஹாவிலிருந்து அபுதாபிக்குக் காரில்: நடுவில் இருக்கும் சவூதியை மறக்காதீர்கள்

முதலில் எச்சரிக்கை. கத்தாரிலிருந்து அமீரகத்துக்குக் காரில் போய் அதே வழியில் திரும்புவதாக இருந்தால், வண்டியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சவூதி விசா மல்ட்டிபிள் என்ட்ரியாகத்தான் (பலமுறை நுழையலாம்) இருக்க வேண்டும். எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் ஏஜென்ட் சிங்கிள் என்ட்ரி அடித்துக் கொடுத்துவிட்டார். "கடந்து போறதுதானே, இது போதும்" என்றாராம். போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போதுதான் வெடித்தது. அமீரகத்தின் குவைஃபாத்தில் வெளியேறும் பதிவு முடிந்தாகிவிட்டது, அமீரக விசாவும் அத்தோடு தீர்ந்தது. அடுத்திருக்கும் சவூதியின் பத்ஹாவில் "இந்த விசா ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்கிறார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மொபைலிலேயே புது இ-விசாவுக்கு விண்ணப்பித்து, அது வந்து சேர நாலு மணி நேரம். அன்று வந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பலர் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் வரைபடத்தில் கத்தாரும் அமீரகமும் ஒட்டினாற்போலத் தெரியும். உண்மையில் இரண்டுக்கும் இன்று நில எல்லையே இல்லை. 1974 ஆகஸ்டில் சவூதி மன்னர் ஃபைசலும் அமீரக அதிபர் ஷேக் சாயித்தும் ஜித்தாவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், புரைமி பகுதிக் கிராமங்கள் அபுதாபிக்கு வந்தன. பதிலுக்கு, கத்தாரின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கோர் அல் உதைத் கடற்கழியின் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர் கடற்கரையும், ஷைபா எண்ணெய் வயலின் எண்ணெய் உரிமையும் சவூதிக்குப் போயின. ஒப்பந்தத்தின் வாசகமே 1990களில்தான் வெளியானது. அந்தக் கடற்கரைத் துண்டு சவூதியிடம் இருப்பதால் நம் பாதையின் நடுவே நூறு கிலோமீட்டரைத் தாண்டிய சவூதிச் சாலை வருகிறது. ஆகவே ஒரு வழிக்கு நான்கு சோதனைச் சாவடிகள்: கத்தாரின் அபு சம்ராவில் வெளியேற்றம், சவூதியின் சல்வாவில் நுழைவு, பத்ஹாவில் வெளியேற்றம், குவைஃபாத்தில் நுழைவு. போக வர எட்டு.

அந்த ஒப்பந்தம் பழங்கதை ஆகிவிடவில்லை. 2009 மே மாதம், வளைகுடா நாடுகளின் பொது நாணயத்துக்கான மத்திய வங்கி சவூதியின் ரியாத்தில் அமையும் என்று முடிவானதும் அமீரகம் அந்த நாணயத் திட்டத்திலிருந்து விலகியது. ஜூனில் இதே குவைஃபாத்தில் ஆயிரக்கணக்கான லாரிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. சோதனை முறையைக் கடுமையாக்கியிருக்கிறோம் என்பதே சவூதி சொன்ன காரணம். ஆகஸ்டில் அமீரகக் குடிமக்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டி நுழைவதையும் சவூதி நிறுத்தியது. அட்டையில் அச்சிட்டிருந்த வரைபடம் எல்லை ஒப்பந்தத்துக்கு முரணானது என்பதுதான் சிக்கல். தலைநகரங்களில் முகம் சுளித்தால் அது முதலில் தெரிவது இந்தக் கவுண்ட்டர்களில். 2017 ஜூன் 5இல் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்தபோது, கத்தாரின் ஒரே தரைவழியான சல்வா ஒரே நாளில் அடைபட்டது. குவைத் இடையில் நின்று பேசிப் பேசி, 2021 ஜனவரி 4 இரவு திறப்பு அறிவிப்பு வந்தது. மறுநாள் சவூதியின் அல் உலாவில் சமரசப் பிரகடனம் கையெழுத்தானது. ஜனவரி 9இல் கார்கள் ஓடின. அந்த மூன்றரை வருடமும் இங்கே இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதனால் செய்தியில் சலசலப்பு கேட்டால் பயணத்துக்கு முந்தின நாள் எல்லை நிலவரத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இனி காகிதங்கள். இப்போது வளைகுடா நாட்டுக் குடிமக்கள் அடையாள அட்டையோடு போய்விடலாம். கத்தார் வாழ் வெளிநாட்டவரான நமக்கு கத்தார் ஐடியும் பாஸ்போர்ட்டும் இரண்டுமே வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதம், ஐடி மூன்று மாதம் செல்லுபடியாக இருந்தால்தான் சவூதி விசாவுக்கு முயலுங்கள். 2023 மார்ச்சிலிருந்து தொழில் எதுவானாலும் வளைகுடா வாழ் வெளிநாட்டவர் இந்த இ-விசா எடுக்கலாம். முன்பு போல "உங்கள் தொழில் பட்டியலில் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கைக்குழந்தைக்கும் தனி விசா. அமீரக விசாவையும் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள், சவூதியைக் கடந்த பிறகு பார்க்கலாம் என்று விட வேண்டாம். விசா எடுத்த பிறகு ஐடியில் தொழில் மாறியிருந்தால் அமீரகம் உள்ளே விடாது.

நம் ஆட்களுக்கு இன்னொரு கண்ணி, பெயர். அப்பா பெயரை இனிஷியலாகவே வைத்து, பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டவர்கள் நிறைய. 2022 நவம்பரில் அமீரகம் இப்படி ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்குத் தடை போட்டது. பிறகுதான், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்றது. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்புங்கள். ஏஜென்டை நிரப்பச் சொன்னால் பணம் கட்டும் முன் நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெயரைப் பார்க்கும்போதே என்ட்ரி வகையையும் பார்த்துவிடலாம். நாங்கள் செய்யத் தவறியது அதைத்தான்.

வண்டிக்கு வருவோம். இஸ்திமாரா (வண்டிப் பதிவு அட்டை) ஓட்டுபவர் பெயரில் இருந்தால் பிரச்சினை இல்லை. வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதத்துக்கு ஆதாரம் வேண்டும். கம்பெனி வண்டிக்குக் கம்பெனி முத்திரையோடு கடிதம், லோன் முடியாத வண்டிக்கு ஆட்சேபம் இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி. இந்த பேங்க் கடிதத்தைக் கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது, ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். போக்குவரத்து அபராதம் ஒன்றுகூட பாக்கி இருக்கக் கூடாது. 2024 செப்டம்பர் 1 முதல், அபராதம் கட்டாதவர் கத்தாரை விட்டு எந்த வழியாகவும் வெளியேற முடியாது. கத்தார் உள்துறை அமைச்சகத்தின் மெட்ராஷ் செயலியில் பார்த்துக் கட்டிவிட்டு, அங்கேயே அபு சம்ராவுக்கான முன்பதிவையும் முடித்துவிடுங்கள். வியாழன் இரவிலும் பெருநாள் விடுமுறையிலும் அது மிச்சப்படுத்தும் நேரம் பெரிது.

இன்ஷூரன்ஸில் எல்லோரும் குழம்புகிறார்கள். சவூதி விசாக் கட்டணத்தோடு வரும் இன்ஷூரன்ஸ் ஆளுக்கான மருத்துவக் காப்பீடு, வண்டிக்கு இல்லை. வண்டிக்குத் தனியாக ஆன்லைனிலோ எல்லையிலோ எடுக்க வேண்டும். எத்தனை நாளுக்கு என்று கேட்பார்கள். போகிற நாளை மட்டும் சொல்லிவிடாதீர்கள், திரும்பும் நாளும் அதற்குள் அடங்க வேண்டும். அமீரகத்துக்கு உங்கள் கத்தார் கம்பெனியிடம் ஆரஞ்சு கார்டு (அரபு நாடுகளில் செல்லும் வண்டிக் காப்பீட்டு அட்டை) கேட்டு வாங்கி, அதில் நாட்டின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சல்வாவில் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். கசகசா மூன்று நாடுகளிலும் தடை, ஊரிலிருந்து அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் இருந்தாலும் தடைதான். வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதுவானாலும் மருத்துவர் சீட்டோடு, அட்டையோடு கொண்டுபோங்கள்.

குவைஃபாத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். அமீரக விசா முடியும் நாளன்று இரவில் திரும்புகிறவர்கள் பன்னிரண்டு மணியை அமீரக நேரப்படியே கணக்கிடுங்கள்.