தெர்மோகப்பிள் யாருடைய சூட்டைச் சொல்கிறது?

ஓய்வுபெற்றுக் கோத்தகிரிக்கு வந்த பிறகு, சுற்றுவட்டாரத் தேயிலை ஃபேக்டரிகளில் டிரையர் வெப்பமானிகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் விண்கல வெப்பக் கவசச் சோதனையில் இருந்தேன். அங்கும் இங்கும் கையில் இருப்பது குரோமெல், அலுமெல் என்ற இரண்டு உலோகக் கலவைக் கம்பிகளை நுனியில் பற்றவைத்து, அந்த நுனியில் சூட்டை அளக்கும் அதே தெர்மோகப்பிள்தான்.

ஒரு ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் கொதிநீரில் அதை விட்டுக் காட்டினார். "94 தான் சார் காட்டுது, மீட்டர் போச்சு." மீட்டருக்கு ஒன்றுமில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும்.

அப்புறம் பேச்சு ராக்கெட் பக்கம் போனது. "பூமிக்குத் திரும்பி வர்றப்ப விண்கலம் உராய்வுலதானே சார் எரியுது?" எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உராய்வின் பங்கு குறைவு. வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் வரும் கலத்தின் முன்னால் காற்று விலக நேரமில்லாமல் நசுங்குகிறது. அந்த நசுக்கலில் பிறப்பதுதான் பெருஞ்சூடு. கலத்தின் மூக்கு மழுங்கலாக இருந்தால், நசுங்கிய காற்றின் முன்விளிம்பான அதிர்ச்சி அலை தள்ளி நிற்கும்; கலத்துக்குள் பாயும் சூடு குறையும். 1950களின் தொடக்கத்தில் ஹார்வி ஆலன் கண்டுசொன்னது இது. மூக்கின் ஆரத்தை நாலு மடங்காக்கினால் நுனியில் பாயும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகும். வேகம் இரட்டித்தாலோ எட்டு மடங்கு.

அதை அளப்பதுதான் வம்பு. மேற்பரப்பில் வைத்த கம்பி தாங்காது. கவசத்துக்குள் வெவ்வேறு ஆழத்தில் புதைக்க வேண்டும். வெளியே உச்சம் அடித்து ஓய்ந்த பிறகுதான் ஆழத்தில் இருப்பது நிதானமாக ஏறும். சூடு ஏறிய அந்த வரைபடத்தை வைத்து வெளியே நடந்ததைப் பின்னோக்கிக் கணக்கிடுவோம். பொல்லாத கணக்கு: உள்ளே சிறு பிசகு, வெளியே பெரிய மேடுபள்ளமாக வந்து நிற்கும். அதனால் நுனி எந்த ஆழத்தில் நிற்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். கம்பியையும் நேராக உள்ளே இறக்க மாட்டோம். நுனியிலிருந்து கொஞ்ச தூரம் மேற்பரப்புக்கு இணையாகப் படுக்கவைத்துத்தான் திருப்புவோம். இல்லையென்றால் நுனியின் சூட்டைக் கம்பியே கடத்திக்கொண்டு போய்விடும்.

இறங்கும்போது கலத்தைச் சூழும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற சுடுகாற்று, ரேடியோ அலைகளை மறைத்துவிடுவதால், அளவுகளைக் கலத்திலேயே பதிந்துவைப்பது வழக்கம். கலம் கைக்கு வந்தால் இன்னும் நல்லது, கவசத்தையே அறுத்துப் பார்க்கலாம். 2007 ஜனவரியில் இஸ்ரோவின் 550 கிலோ எஸ்ஆர்இ என்ற மீட்புச் சோதனைக் கலம் வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டபோது, எங்களைப் போன்றவர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பேசிக்கொண்டே டிரையரைப் பார்த்தேன். வெப்பக்காற்றுக் குழாய்க்குள் தெர்மோகப்பிள் ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. வெளியே குளிர்ந்த தகரம், தண்டு வழியாகச் சூடு கசிகிறது. அளவு குறைவாகக் காட்டக் காட்ட, அடுப்புக்காரர் விறகைத் தள்ளியிருக்கிறார். தூளில் கருகல் வாசம் வந்ததற்குக் கொழுந்தைத் திட்டியிருக்கிறார்கள்! நீளமான தெர்மோகப்பிளைக் குழாயின் நடுவரை செலுத்தினோம். மீட்டர் விறுவிறுவென்று ஏறியது.

"அப்ப இவ்வளவு நாளும்?" என்றார் டீ மேக்கர்.

"தகரத்தையும் சேர்த்து அளந்திருக்கீங்க தம்பி."