ஆடி பிறப்பதற்குள் ஒரு லாயர்

ஜூலை 5, 2025, சனி

இன்று பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பாப்பாவின் தொப்புள்கொடி முடிந்த துணி, அப்பாவின் பழைய ஐசி (அடையாள அட்டை), எல்லாவற்றுக்கும் அடியில் கல்யாணப் பத்திரம். மடிப்பில் கிழிந்த இடத்தில் செலோடேப் மஞ்சளாகிக் கிடந்தது. பதிவு செய்த வருஷம் 2011.

விவாகரத்து பற்றி நேற்று ராத்திரி ஜொகூரிலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னது ஒரே வரி: "எனக்குச் சம்மதம். நீயே லாயரப் பாரு." இரண்டரை வருஷமாக வீட்டு வாசல் மிதிக்காத மனுஷன், இந்த வேலையையும் என் தலையில்தான் கட்டினார்.

அம்மா டின்னை எட்டிப் பார்த்தாள். 1979இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி ஏறியதோடு அவள் கல்யாணம் முடிந்தது. "எங்களுக்குப் பேப்பரா கீப்பரா" என்றாள். மலேசியாவின் இந்தக் கல்யாண, விவாகரத்துச் சட்டம் 1976இல் எழுதியது, நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1இல். அதற்கு முன்னால் சடங்குப்படி நடந்த கல்யாணத்தைப் பதிவான கல்யாணமாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பேப்பர் இல்லாத அம்மாவும் பேப்பர் உள்ள நானும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

ஜூலை 7, திங்கள்

எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஒரு விஷயத்தை ஒருத்தரிடம் கேட்டால் பத்துப் பேரிடம் கேட்டது மாதிரி. கோப்பிக் கடையில் ஓர் அண்ணன் தானாகவே வந்து உட்கார்ந்தார். "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு தங்கச்சி, மூணு மாசத்துல முடிச்சுடுவாரு. 500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம், எங்கிட்ட குடு." கேஸ் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது இங்கே சட்டப்படி குற்றம் என்று அவரிடம் யார் சொல்வது? குடித்த தே தாரேக் டீக்கான காசை மட்டும் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூலை 9, புதன்

டயர் கடைக்கு மேல் மாடியில் ஓர் ஆபீஸ். லாயர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். உட்காரச் சொன்ன கிளார்க் அக்கா கோயில் கமிட்டியில் இருப்பவர். ஏன் பிரியிறீங்க, அவருக்கு அங்கே யாராவது இருக்காங்களா, வீடு யார் பேர்ல... லாயர் கேட்க வேண்டிய அத்தனையும் அவரே கேட்டார். கட்டணம் எவ்வளவு என்றால், "பாத்துச் செய்வோம்மா."

ஜூலை 10, வியாழன்

காலையில் மீன் வாங்கப் போனேன். செதில் சீவிக்கொண்டே கடைக்காரம்மா கேட்டார்: "ஈப்போ கோர்ட்டா, தைப்பிங் கோர்ட்டா?"

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கேள்வி சரியான கேள்விதான். விவாகரத்து கேஸ் ஹைகோர்ட்டுக்குத்தான் போகும். அது நம்ம ஊரில் இல்லை.

ஜூலை 12, சனி

உள்ளூர் லாயர் என்றால் பஸ் காசு மிச்சம். மானம் மிச்சமாகாது. ஈப்போவிலேயே தேடுவது என்று முடிவு.

வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பேரைத் தட்டிப் பார்க்கலாம். லாயர்கள் தொழில் செய்ய வருஷா வருஷம் சான்றிதழ் எடுக்க வேண்டும். கோப்பிக் கடை அண்ணன் சொன்ன பேரையும் தட்டினேன். அந்தப் பேரில் யாரும் வரவில்லை. சம்பளம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது, மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. இரண்டிலும் வருமானம் பார்ப்பார்கள். என் கையுறை ஃபேக்டரி சம்பளச் சீட்டையும் கோப்பில் சொருகி வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

லீவு போட்டு ஈப்போ போனேன். லாயர் தமிழ் அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும். மேசையில் காய்ந்த மணி பிளான்ட். கதை கேட்கவில்லை. "கையெழுத்துப் போடப் போறீங்களா, சண்டை போடப் போறீங்களா? ரெண்டுக்கும் விலை வேற" என்றார். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டு எழுதினார். இரண்டு பேரும் சேர்ந்து மனு போட்டால் 3,500. ஒருத்தர் மட்டும் போட்டால் 8,000இல் ஆரம்பம், எங்கே முடியும் என்று இப்போது சொல்ல முடியாது. தனி மனு என்றால் பொதுவாக முதலில் பதிவுத் துறையின் சமரசக் குழுவிடம் போக வேண்டும். அதற்கே ஆறு மாசம் வரை ஆகலாம். சேர்ந்து போட்டால் அந்தப் படி ஏற வேண்டியதில்லை.

"அவருக்குச் சம்மதம்தான்" என்றேன்.

"எதுக்குச் சம்மதம்?"

முழித்தேன். பிரிய மட்டும் சம்மதித்தால் ஆகாதாம். பிள்ளை யாரிடம், செலவுக்கு மாசம் எவ்வளவு, எனக்கு என்ன, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சரியான ஏற்பாடு இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். 2017இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பிள்ளைக்குக் கொடுப்பது 18 வயதோடு நிற்காது, மேல்படிப்பு முடியும் வரை கேட்கலாம். பாப்பா இப்போதுதான் படிவம் 1, இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம். விரல் விட்டு எண்ணினேன். லாயரும் என்னோடு சேர்ந்து எண்ணினார்.

தீர்ப்பு வந்தவுடனே எல்லாம் முடியாது. அது உறுதியாவதற்கு இன்னும் மூன்று மாசம் ஆகும். பத்திரத்தை நீட்டினேன். "செலோடேப்பைப் பிரிச்சுடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார். கட்டணத்தை லெட்டராக டைப் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த லெட்டருக்காகத்தான் இவரிடம் கேஸைக் கொடுத்தேன். காலண்டர் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. "ஆடியில எதையும் தொடங்காதடி" என்றாள் அம்மா. கல்யாணத்துக்குத்தானே ஆடி ஆகாது, இதுக்கு என்ன என்றேன். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ராத்திரி அவருக்கு மெசேஜ் போட்டேன். பாப்பாவுக்கு மாசம் எவ்வளவு?

"200."

பள்ளி வேன், டியூஷன், பேரேடு சப்பாத்து, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதிலில்லை. பத்தே முக்காலுக்கு: "450. அதுக்கு மேல முடியாது." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "கோர்ட்டுக்கு நானும் வரணுமா? லீவு கிடைக்காது."

வரணும், ரெண்டு பேரும் நீதிபதி முன்னால நிக்கணும்னு லாயர் சொன்னாங்க என்று தட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துப் படுத்தேன்.