ரியாக்ட் 19-ல் டைட்டிலும் மெட்டாவும்

வெப் பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டின் 19-ஆம் பதிப்பு வந்த பிறகு, பக்கத்தின் தலைப்பு, விவரம் போன்றவை இருக்கும் ஹெட் பகுதிக்கென்று ஹெல்மெட் மாதிரி தனி லைப்ரரி பெரும்பாலும் தேவைப்படாது. எந்த காம்போனென்டுக்குள் (பக்கத்தின் ஒரு துண்டுக்கான கோட்) டைட்டில், மெட்டா டேக் எழுதினாலும் ரியாக்ட்டே எடுத்து ஹெட்டுக்குள் வைத்துவிடும். காம்போனென்ட் போனால் டேகும் போய்விடும்.

ஆனால் ஒரே வகை மெட்டா டேக் இரண்டு முறை வந்தால் ரியாக்ட் கண்டுகொள்ளாது. இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்லில் ஒரு டிஸ்கிரிப்ஷன், பக்கத்துக்கான காம்போனென்டில் இன்னொன்று இருந்தால் இரண்டுமே நிற்கும். இண்டெக்ஸ் கோப்பில் கேரக்டர்செட், வியூபோர்ட் போன்ற மாறாதவற்றை மட்டும் வையுங்கள். மற்றதெல்லாம் பக்கத்துக்கு ஒரே காம்போனென்டின் பொறுப்பு.

டைட்டிலில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'ஆர்டர்' என்ற சொல்லையும், நெளிவு அடைப்புக்குள் எண்ணையும் அடுத்தடுத்து எழுதினால் ரியாக்டுக்கு அது இரண்டு உறுப்புள்ள அர்ரே, அதாவது பட்டியல். கன்சோலில் எச்சரிக்கை வரும். பேக்டிக் (`) குறிக்குள் ஒரே ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் லிங்க் முன்னோட்டம் வரவில்லையா? அதை எடுக்கும் பாட் (தானியங்கி நிரல்) ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. முன்னோட்டத்துக்கான தலைப்பு, படம் போன்றவற்றைச் சொல்லும் ஓஜி (ஓப்பன் கிராஃப்) டேகுகள் சர்வர் அனுப்பும் ஹெச்டிஎம்எல்லிலேயே இருந்தாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகான பக்கத்தைக் காட்டும் டெவ்டூல்ஸில் டேக் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். சர்வர் அனுப்பியதை அப்படியே காட்டும் வியூ சோர்ஸில் தேடிப் பாருங்கள்.