அம்மா எந்தப் பக்கம் மெல்லுகிறார்?

அம்மாவுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. எங்களுக்குத் தங்கச்சிமடம். போன வருஷம், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் 9.1 என்று வந்ததும் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். கருப்பட்டிக் காபியை விட்டாயிற்று, சோற்றைப் பாதியாக்கி மீனைக் கூட்டியாயிற்று, மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். பிறகும் ஏறுகிறது என்றால் ஒளித்து எதையோ தின்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா மறுத்துப் பேசவே இல்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர் சி.ஆர்.பி. டெஸ்டும் எழுதிக் கொடுத்தார். உடம்பில் எங்காவது அழற்சி, அதாவது கிருமியாலோ காயத்தாலோ வரும் வீக்கம் இருந்தால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்குமாம். அழற்சி நீடித்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இறங்க மறுக்கும். அம்மாவுக்கு 6.2. இதய ஆபத்தைப் பார்க்கும் கணக்கில் 3-ஐத் தாண்டினாலே அதிகம்.

ஆனால் எங்கே என்று அந்த எண் சொல்லாது. அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர், காலெல்லாம் பாறை கிழித்த தழும்பு. டாக்டர் விரலிடுக்கு வரை விரித்துப் பார்த்தார், புண் இல்லை. சிறுநீரிலும் கிருமி இல்லை. கடைசியில், "சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுவீங்கம்மா?" என்றார்.

"இடப்பக்கந்தான், ரெண்டு வருஷமா. வயசானா பல்லு ஆடத்தானே செய்யும்."

தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கு இது தெரியாது.

பல் டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லாக அளந்து சத்தமாகச் சொன்னார்: 3, 5, 6, 6. மூன்று மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் கிருமி தங்கும் பள்ளம். கம்பி பட்ட இடத்திலெல்லாம் ரத்தம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் பல்லோடு இறுகியிருந்த காரையை இரண்டு தடவையாகச் சுரண்டி எடுத்தார்கள்.

எச்.பி.ஏ.1.சி. அளப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை; அந்த அணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எடுத்தோம். எச்.பி.ஏ.1.சி. 8.2, சி.ஆர்.பி. 2.4. எல்லாமே பல்லால் குறைந்ததல்ல. ஈறு வைத்தியத்தால் அரைப் புள்ளிக்குள்தான் பொதுவாகக் குறையும் என்றார் டாக்டர், சாயங்கால நடையும் சேர்ந்திருக்கிறது. 7-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இன்னும் தூரம் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருந்தால், திட்டுவதற்கு முன்னால் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.